மெரோசோயிட் மேற்பரப்புப் புரதம்: ஜிபிஐ வால் முனையில் டேக் வைத்தால் என்ன ஆகும்?

தும்பி:
மலேரியா ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம், 3டி7 லைன். மேற்பரப்பில் இருக்கும் என்று கணிக்கப்பட்ட ஒரு சிறிய புரதம்; ஜிபிஐ எனும் சர்க்கரை–கொழுப்பு நங்கூரத்தால் சவ்வில் ஊன்றி நிற்கும் என்று நினைத்தேன். முன்முனையில் சிக்னல் பெப்டைடு தெளிவாக இருக்கிறது. வால் முனையில் 18 அமினோ அமில நீளத்துக்கு நீர்வெறுக்கும் பகுதி. வால் முனையில் டேக்காக ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) சேர்த்து ஜீனோமிலேயே ஒருங்கிணைத்த லைன். பிசிஆரில் ஒருங்கிணைப்பு சரியாகவே வருகிறது. ஆனால் முதிர்ந்த ஸ்கைசாண்டில் (சிவப்பணுவுக்குள் பல மெரோசோயிட்டாகப் பிரியும் நிலை) மெரோசோயிட்டின் (அடுத்த சிவப்பணுவில் நுழையும் நிலை) விளிம்பில் ஒளி இல்லை. உட்கருவைச் சுற்றி வளையமாகவும், கொஞ்சம் வாக்குவோலிலும் (ஒட்டுண்ணியைச் சூழ்ந்த சவ்வுப்பை) தெரிகிறது. வெஸ்டர்னில் எதிர்பார்த்ததற்குச் சற்று மேலே ஒரு பேண்ட், 27 கிலோடால்டன் பக்கம் தனி ஜிஎஃப்பி மாதிரி இன்னொன்று. பிஐ-பிஎல்சி (ஜிபிஐ நங்கூரத்தை வெட்டும் நொதி) போட்டுப் பார்த்தும் எதுவும் மாறவில்லை. இது ஜிபிஐ புரதமே இல்லையா, டேக் கெடுத்ததா?

ஒமேகா:
டேக்தான் கெடுத்திருக்கிறது. இந்தக் கட்டமைப்பை வைத்துக்கொண்டு அது ஜிபிஐயா இல்லையா என்று சொல்லவே முடியாது.

ஜிபிஐ சிக்னல் புரதத்தின் கடைசி முனையில் இருந்தால்தான் வேலை செய்யும். எண்டோபிளாச வலையின் சவ்வில் இருக்கும் டிரான்ஸமிடேஸ் கூட்டமைப்பு அந்த வாலை அடையாளம் கண்டு, ஒமேகா தளம் எனும் அமினோ அமிலத்தை அடுத்து வெட்டி, வெட்டிய முனையை அங்கே முன்கூட்டியே தயாராக நிற்கும் ஜிபிஐயின் எத்தனோலமீனோடு பிணைக்கிறது. வெட்டுவதும் பிணைப்பதும் ஒரே வினை. வால் கழிந்துபோகும்.

இப்போது உங்கள் கட்டமைப்பைப் பாருங்கள். நீர்வெறுக்கும் பகுதிக்குப் பின்னால் 238 அமினோ அமிலம் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. டிரான்ஸமிடேஸ் அதை ஏற்காவிட்டால் வால் வெட்டப்படாமல் புரதம் எண்டோபிளாச வலையில் சிக்கும்; உட்கருவைச் சுற்றிய வளையம் அதுதான். ஒருவேளை வெட்டியிருந்தால்? ஜிஎஃப்பி வாலோடு போய்விட்டிருக்கும்; நங்கூரமிட்ட புரதத்தில் டேக் இருக்காது. ஆக எந்த வழியில் போனாலும் நீங்கள் நுண்ணோக்கியில் பார்ப்பது தவறிப்போன மூலக்கூறுகளை மட்டுமே. 27-இல் வரும் பேண்ட் சிதைவின் மிச்சம். ஜிஎஃப்பி எளிதில் செரிக்காது, தனியாகத் தங்கிவிடும்.

டேக் வைக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, சிக்னல் பெப்டைடு வெட்டப்படும் இடத்துக்குப் பின். இயல்பான வரிசையில் 4, 5 அமினோ அமிலத்தை அப்படியே விட்டு, பிறகு டேக், பிறகு கிளைசின்–சீரின் இணைப்பு. வெட்டுத்தளத்தை ஒட்டி டேக் வைத்தால் சிக்னல் பெப்டிடேஸ் தடுமாறும். இன்னொன்று, ஒமேகா தளத்துக்கு முன்னால், குறைந்தது 15–20 அமினோ அமிலம் தள்ளி. இங்கே ஜிஎஃப்பியை விட ஹெச்ஏ மாதிரி சிறிய டேக் நல்லது. அருகில் இஜிஎஃப் மாதிரி மடிப்புகள் இருந்தால் அவற்றின் சிஸ்டீன்களுக்கு நடுவே எதையும் நுழைக்காதீர்கள்.

வாலின் அமைப்பு பொதுவாக இப்படி வரும்: ஒமேகாவில் சீரின், அஸ்பராஜின், கிளைசின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், சிஸ்டீன் ஆகிய சிறிய உருப்படிகளில் ஒன்று. இரண்டு தள்ளி மறுபடி சிறியது. கிளைசின், அலனின், சீரின். பிறகு 5 முதல் 10 வரை நீர்விரும்பும் இடைவெளி. கடைசியில் 10 முதல் 20 வரை நீர்வெறுப்பு, அதோடு முடிவு. நீர்வெறுப்புக்குப் பின்னும் லைசின், அர்ஜினின் என்று நீளமான வால் தொடர்ந்தால் அது சாதாரண சவ்வுத்துளைப் புரதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரெட்ஜிபிஐ, நெட்ஜிபிஐ எனும் கணிப்பு நிரல்கள் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஒமேகா எது என்பதில் முரண்படும், அது பரவாயில்லை. ஆம்-இல்லை என்பதிலேயே முரண்பட்டால் சோதனை செய்துதான் ஆக வேண்டும்.

கயல்:
ஒரு சந்தேகம். ஒருங்கிணைப்பு வெற்றியாக வந்திருக்கிறதே, அதுவே ஒரு தகவல் இல்லையா? அவசியமான ஜீன் என்றால் இந்த லைன் கிடைத்திருக்கவே கூடாது.

ஒமேகா:
நல்ல கேள்வி. ஆமாம், அந்த ஜீன் ரத்தநிலை வளர்ப்பில் அவசியமில்லை, அல்லது நங்கூரம் இல்லாமலே அதன் வேலை ஓரளவு நடக்கிறது. இரண்டில் எது என்று இந்த லைன் சொல்லாது. பி12 புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜிபிஐ உண்டு, ஆனாலும் அதை நீக்கிய ஒட்டுண்ணி வளர்ப்பில் வாழ்கிறது. அதன் ஜோடி பி41-க்கு நங்கூரமே கிடையாது, பி12-ஐப் பிடித்துக்கொண்டு மேற்பரப்பில் நிற்கிறது. பாலினநிலையில் பி230-யும் அப்படித்தான், பி48/45-ஐப் பற்றி நிற்கும். மேற்பரப்பில் இருப்பதெல்லாம் ஜிபிஐ இல்லை.

இன்னொரு பக்கம், அவசியமான ஜீனில் இதே பிழையைச் செய்தால் மருந்துத் தேர்வில் மாதக்கணக்கில் எதுவும் வராது, வந்தாலும் பிளாஸ்மிட் ஜீனோமில் சேராமல் தனியாக, எபிசோமாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஜீன் அவசியமானது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதிலிருந்து அவசியம் என்று தெரிவது டேக் இல்லாத திறந்த வால் முனை மட்டும்தான்.

நுண்ணோக்கி:
பிஐ-பிஎல்சி விஷயத்தை யாரும் தொடவில்லையே. அது இங்கே வெட்டாது. வெட்டாததால் ஜிபிஐ இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

பிஐ-பிஎல்சிக்கு இனோசிட்டாலின் 2-ஆம் ஹைட்ராக்சில் வெறுமையாக இருக்க வேண்டும். ஃபால்சிபாரத்தில் இனோசிட்டால் மேல் இன்னொரு கொழுப்பு அமிலம் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் பால்மிடேட், சிறிதளவு மிரிஸ்டேட். நம் உடலின் பெரும்பாலான செல்களில் பிஜிஏபி1 என்ற நொதி எண்டோபிளாச வலையிலேயே அந்தக் கொழுப்பை நீக்கிவிடும். ஒட்டுண்ணியின் முடிந்த நங்கூரத்தில் அது அப்படியே நிற்கிறது. ஆக சவ்வில் ஊன்றி நிற்பது மூன்று கொழுப்புச் சங்கிலி.

வேடிக்கை என்னவென்றால் மனிதச் சிவப்பணுவின் சிடி59, சிடி55, அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் ஆகியவற்றிலும் இந்தக் கூடுதல் கொழுப்பு (அசைல்) தங்கியே இருக்கும். அதனால் நொதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்பணுவைக் கட்டுப்பாடாக வைத்தால் அதுவும் வெட்டாது. நொதி செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவீர்கள். வெள்ளணு சிடி59 மாதிரி ஒன்றை வையுங்கள்.

இதற்குப் பதில் நைட்ரஸ் அமிலம். குளுக்கோசமீனுக்கும் இனோசிட்டாலுக்கும் நடுவே வெட்டும், அசைல் இருக்கிறதா இல்லையா என்று கவலைப்படாது. 0.1 மோலார் சோடியம் அசிடேட், பிஹெச் 4.0, அதில் புதிதாகக் கரைத்த 0.25 மோலார் சோடியம் நைட்ரைட், அறை வெப்பத்தில் சில மணி நேரம். பக்கத்துக் குழாயில் நைட்ரைட்டுக்குப் பதில் அதே செறிவில் சோடியம் குளோரைடு. பிஹெச் 5-ஐத் தாண்டினால் வினை மந்தமாகிவிடும். பழைய நைட்ரைட் கரைசலும் அப்படியே. சீரத்தில் உள்ள ஜிபிஐ-பிஎல்டியும் அசைலைப் பொருட்படுத்தாமல் வெட்டும், ஆனால் டிடர்ஜென்ட் சேர்த்துக் கரைத்த மாதிரியில் மட்டும். முழு செல்லின் மேல் ஊற்றிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

48% குளிர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் பாஸ்பேட் பிணைப்புகளை வெட்டும். அதற்கு ஐஸில் இரண்டு நாளுக்கு மேல், பிளாஸ்டிக் குழாய் மட்டும் (கண்ணாடியைத் தின்றுவிடும்), கையெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். டேக் சரியா என்று பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

தும்பி:
நைட்ரஸ் அமிலம் போட்ட பிறகு வெட்டியதை எப்படிப் பார்ப்பது? ஜெல்லில் நகர்வு மாறுமா?

நுண்ணோக்கி:
ஜெல்லை நம்பாதீர்கள். 30 கிலோடால்டன் புரதத்தில் லேசாக நகரும், 200-இல் ஒன்றும் தெரியாது. டிரைட்டன் எக்ஸ்-114 பிரிப்புதான் வழி.

2% எக்ஸ்-114-இல் ஐஸில் கரைத்து, 4 டிகிரியில் சுழற்றித் தெளிந்ததை எடுங்கள். 37 டிகிரியில் 5–10 நிமிடம் வைத்தால் கலங்கும். அறை வெப்பத்தில் சுழற்றினால் கீழே எண்ணெய் மாதிரி டிடர்ஜென்ட் அடுக்கு, மேலே நீர் அடுக்கு. ஜிபிஐ புரதம் கீழே போகும். அந்தக் கீழ் அடுக்கை எடுத்து நைட்ரஸ் அமிலம் போட்டு மறுபடி பிரித்தால் புரதம் மேலே வர வேண்டும். நைட்ரைட் குழாயில் மேலே வந்து, குளோரைடு குழாயில் கீழேயே நின்றால் சந்தேகமில்லை. சுழற்றும் கருவி குளிர்நிலையிலேயே விடப்பட்டிருந்தால் அடுக்கு பிரியாமல் கரைந்துவிடும். பலருக்கு இது "வேலை செய்யாமல்" போகும் காரணம் இதுதான். கீழ் அடுக்கை அப்படியே ஜெல்லில் ஏற்றினால் பேண்ட் இழுத்துக்கொண்டு ஓடும், அசிட்டோனில் படியவைத்து ஏற்றுங்கள்.

கார்பனேட்டும் செய்யுங்கள்: 0.1 மோலார் சோடியம் கார்பனேட், பிஹெச் 11.5, ஐஸில் அரை மணி, 1,00,000 ஜி. வெளியிலிருந்து ஒட்டியிருக்கும் மெரோசோயிட் மேற்பரப்புப் புரதங்களான (எம்எஸ்பி) எம்எஸ்பி3, எம்எஸ்பி6, எம்எஸ்பி7 போன்றவை கரைந்து வரும்; ஜிபிஐ புரதம் படிவில் நிற்கும். சவ்வுத்துளைப் புரதமும் படிவில்தான் நிற்கும் என்பதால் இது மட்டும் போதாது.

குளிர்ந்த டிரைட்டன் எக்ஸ்-100-இல் ஜிபிஐ புரதத்தின் ஒரு பகுதி கரையாது. உடனே "திரண்டுவிட்டது" என்று நினைக்க வேண்டாம். 60 மில்லிமோலார் ஆக்டைல் குளுக்கோசைடில் கரைகிறதா பாருங்கள்.

வரகு:
ஒட்டுண்ணி இந்த நங்கூரத்தை எப்படிச் செய்கிறது என்று தெரிந்தால் மேலே சொன்னது எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாக.

எண்டோபிளாச வலையின் வெளிப்பக்கத்தில் தொடக்கம். பாஸ்பாடிடைல் இனோசிட்டால் மேல் யூடிபி-என்-அசிட்டைல்குளுக்கோசமீனிலிருந்து ஒரு சர்க்கரை ஏறும் (பிக்-ஏ கூட்டமைப்பு). அதன் அசிட்டைலை பிக்-எல் நீக்கும். நைட்ரஸ் அமிலம் வேலை செய்யத் தேவையான வெற்று அமீன் இங்கேதான் உண்டாகிறது. பிறகு மூலக்கூறு உட்பக்கம் புரட்டப்படும். அங்கே இனோசிட்டால் மேல் அசைல் ஏறும், நொதி ஜிடபிள்யூடி1. இந்தப் படி முடிந்த பிறகுதான் மானோஸ். டிரிபனோசோமில் முதல் மானோஸ் முந்திக்கொள்ளும். ஃபால்சிபாரம் இந்த விஷயத்தில் ஈஸ்ட், பாலூட்டி வரிசையில் நிற்கிறது. மானோஸ் ஒவ்வொன்றாக டாலிகால் பாஸ்பேட் மானோஸிலிருந்து வரும். மூன்றாவது மானோஸ் மேல் எத்தனோலமீன் பாஸ்பேட். நான்காவது மானோஸும் அந்த மூன்றாவதின் மேலேயே. எம்எஸ்பி1, எம்எஸ்பி2 இரண்டின் நங்கூரத்திலும் நான்கு மானோஸ். மனித நங்கூரத்தில் முதல் மானோஸ் மேல் கூடுதலாக வரும் எத்தனோலமீன் பாஸ்பேட் இதில் இல்லை.

செய்யப்படும் ஜிபிஐ எல்லாம் புரதத்தில் ஏறுவதில்லை. தனியாக நிற்பது ஏறியதை விடப் பல மடங்கு.

டாலிகாலுக்கு ஐசோபிரினாய்டு வேண்டும், அது அபிகோபிளாஸ்ட் எனும் ஒட்டுண்ணியின் உள்ளுறுப்பிலிருந்து. அந்த உற்பத்தியைத் தடுக்கும் ஃபாஸ்மிடோமைசின் போட்டால் ஜிபிஐயும் பாதிக்கப்படுவது அதனால். 200 மைக்ரோமோலார் ஐசோபென்டெனைல் பைரோபாஸ்பேட் கொடுத்தால் ஒட்டுண்ணி மீளும். ஆனால் புரதங்களில் பிரினைல் ஏற்றுவதும் அதே சரக்கை நம்பி இருப்பதால் இதை ஜிபிஐ தடுப்பானாக எடுத்துக்கொள்ள முடியாது.

தும்பியின் லைனில் எல்லாம் சரியாக வந்த பிறகு பாதையின் நொதியைக் குறைத்துப் பார்க்கலாம் என்று அடுத்து தோன்றும். அப்போது ஜிஎல்எம்எஸ் ரைபோசைம் (தூண்டினால் தன் ஆர்என்ஏவையே வெட்டிப் புரதத்தைக் குறைக்கும் கருவி) பக்கம் மட்டும் போக வேண்டாம். அதைத் தூண்ட 2.5 மில்லிமோலார் அளவில் குளுக்கோசமீன் ஊற்றுவோம். குளுக்கோசமீனோ இந்தப் பாதைக்குள் நேராக நுழைகிற சரக்கு. அதிக அளவில் இனோசிட்டால் அசைலேற்றத்தையே தடுக்கும் என்று காட்டப்பட்டிருக்கிறது. மானோசமீனும் ஜிபிஐயைத் தடுக்கும். ஜிடபிள்யூடி1-ஐ ஜிஎல்எம்எஸ்ஸில் குறைத்து, ஜிபிஐ குறைந்தது என்று காட்டினால் எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. ரைபோசைம் இல்லாத மூல லைனுக்கும் அதே குளுக்கோசமீன் கொடுத்த கட்டுப்பாடு இருந்தாலும் இரண்டு அடி சேர்ந்து விழுவதைப் பிரிக்க முடியாது. டைக்ரே-யில் (ராபாமைசின் கொடுத்தால் ஜீனை வெட்டி நீக்கும் முறை) ராபாமைசின் 10–100 நானோமோலார், அல்லது டெட்ஆர் அப்டாமர் (புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் முறை). இவற்றில் ஒன்று.

கயல்:
நொதியை நீக்கினால் எந்த நேரத்தில் பாதிப்பு தெரியும்? வளையநிலையிலேயே செத்துவிடுமா?

வரகு:
இல்லை. 48 மணிச் சுழற்சியின் முதல் பாதியில் பெரிய மாற்றம் தெரியாது. யூடிபி-என்-அசிட்டைல்குளுக்கோசமீன் வராமல் செய்த ஒட்டுண்ணி முதிர்ந்த டிரோபோசோயிட் (வளையத்துக்கு அடுத்த நிலை) வரை வந்து, அதற்கு மேல் ஸ்கைசாண்ட் ஆக முடியாமல் திணறும். மெரோசோயிட் ஒவ்வொன்றுக்கும் தனிச்சவ்வு கட்டும் நேரத்தில்தான் ஜிபிஐ பெரிய அளவில் தேவை. அதனால் 24 மணியில் ஜீம்சா சாயமிட்டுப் பார்த்துவிட்டு "விளைவில்லை" என்று எழுதாமல் 40, 44, 48 மணியிலும் பாருங்கள். அடுத்த சுழற்சியின் வளையங்களையும் எண்ணுங்கள்.

ஒத்திசைவு முக்கியம். 5% சார்பிட்டால் ஒருமுறை போட்டது போதாது. பெர்காலில் முதிர்ந்ததைப் பிரித்து, புதிய சிவப்பணுவில் 3 மணி ஏறவிட்டு, பிறகு சார்பிட்டால்.

கதிரியக்கச் சரக்கு போடுவதானால்: டிரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய எத்தனோலமீன் சாதாரண பாஸ்பாடிடைல் எத்தனோலமீனிலும் ஏறும். முதலில் குளோரோஃபார்ம்–மெத்தனால் 2:1-ஆல் சாதாரணக் கொழுப்பை நீக்குங்கள். பிறகு குளோரோஃபார்ம்–மெத்தனால்–நீர் 10:10:3-இல் தனி ஜிபிஐ வெளியே வரும், புரதத்தில் ஏறியது படிவில். மிரிஸ்டேட் போட்டால் சிஏபி45, சிடிபிகே1 மாதிரி என்-மிரிஸ்டாயில் புரதங்களும் சேர்ந்து ஒளிரும். காரம் போட்டுப் பாருங்கள்: ஜிபிஐயின் எஸ்டர் பிணைப்பு கழன்றுவிடும், அமைடு பிணைப்பு நிற்கும்.

கயல்:
திருத்தம்: சிஏபி45 இல்லை, ஜிஏபி45.

வரகு:
ஆமாம், ஜிஏபி45தான். நன்றி.

ஒமேகா:
எம்எஸ்பி1 பற்றியும் சொல்லிவிடுகிறேன், டேக் வைக்கும் இடம் அங்கே வேறு கணக்கு. எம்எஸ்பி1, எம்எஸ்பி2 இரண்டும் சேர்ந்தே மெரோசோயிட்டின் சவ்வோடு பிணைந்த மேலுறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதனால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான்.

சுமார் 200 கிலோடால்டன் முன்னோடி. மெரோசோயிட் சிவப்பணுவை விட்டு வெளியேறுவதற்குச் சில நிமிடம் முன் சப்1 எனும் புரோட்டியேஸ் அதை 83, 30, 38, 42 என நான்காக வெட்டும். துண்டுகள் ஒன்றையொன்று பிடித்தபடி மேற்பரப்பிலேயே இருக்கும். சிவப்பணுவுக்குள் நுழையும்போது சப்2 அந்த 42-ஐ 33, 19 என வெட்டும். நங்கூரத்தோடு உள்ளே போவது 19 மட்டும், மற்றதெல்லாம் உதிரும். ஆகவே முன்முனை டேக் வைத்தால் அது 83-ஓடு வெளியில் போகும், வளையநிலையில் ஒளியே இருக்காது. அது தோல்வி இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். வளையத்தைப் பின்தொடர வேண்டுமானால் 19-ஐ அறியும் ஆன்டிபாடி போதும். அந்தத் துண்டு இரண்டு இஜிஎஃப் மடிப்பு, ஆறு டைசல்பைடு. ஜெல் மாதிரியில் மெர்காப்டோஎத்தனால் ஊற்றினால் நல்ல ஆன்டிபாடிகள் பலவும் அடையாளம் காணாது. ரிடியூஸ் செய்யாமல் ஓட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன், பின் என்று பிரிக்க பிகேஜி (வெளியேற்றத்தைத் தூண்டும் கைனேஸ்) தடுப்பானான சேர்மம் 2-இல் நிறுத்தினால் சப்1 வெளிவராது, எம்எஸ்பி1 முழுதாக இருக்கும். 10 மைக்ரோமோலார் ஈ64-இல் (சிஸ்டீன் புரோட்டியேஸ் தடுப்பான்) நிறுத்தினால் வாக்குவோல் சவ்வு உடைந்து, சிவப்பணு சவ்வு உடையாமல், எம்எஸ்பி1 வெட்டுப்பட்டு இருக்கும். ஈ64 சப்2-ஐத் தடுக்காது, அது செரின் புரோட்டியேஸ். மெரோசோயிட்டைச் சேகரிக்கும்போது பிஎம்எஸ்எஃப், இடிடிஏ இரண்டும் இல்லாமல் விட்டால் 42 இருக்க வேண்டிய இடத்தில் 19 வந்து நிற்கும்.

எம்எஸ்பி1-இன் நங்கூரத்தை நீக்கினால் ஒட்டுண்ணி நுழைவதில் தடுமாறும் என்று எதிர்பார்ப்போம். பழுது முதலில் வெளியேறுவதில் தெரிந்தது. வெட்டுப்பட்ட எம்எஸ்பி1 சிவப்பணுவின் ஸ்பெக்ட்ரினோடு பிணைந்து அதை உள்ளிருந்து உடைக்க உதவுகிறது. சவ்வில் ஊன்றாமல் அது நடக்கவில்லை.

கயல்:
பிஎஃப்இஎம்பி1-உம் மேற்பரப்புப் புரதம்தானே, அதற்கு ஜிபிஐ உண்டா?

ஒமேகா:
கிடையாது. அது சிவப்பணுவின் மேற்பரப்பு, ஒட்டுண்ணியினுடையது இல்லை. சவ்வுத்துளைப் பகுதியோடு வாக்குவோலைத் தாண்டி ஏற்றுமதியாகி, மௌரர் பிளவுகள் வழியாகப் புடைப்புகளில் போய் நிற்கும். டிரிபனோசோமின் மேற்பரப்புப் புரதமான விஎஸ்ஜி ஜிபிஐயில் நிற்பதால் இரண்டையும் ஒன்றாக நினைக்கும் குழப்பம் வருகிறது.

தும்பி:
சரி, முன்முனையில் ஹெச்ஏ வைத்துப் புதிதாகச் செய்கிறேன். புரொமோட்டரை மாற்றி எபிசோமில் முதலில் பார்க்கலாமா, சீக்கிரம் முடியுமே?

ஒமேகா:
புரொமோட்டரை மாற்றாதீர்கள். மெரோசோயிட் புரதம் அதற்குரிய நேரத்தில் உருவானால்தான் சரியான இடத்துக்குப் போகும். ஏஎம்ஏ1 எனும் மெரோசோயிட் புரதத்தைத் தவறான நேரத்தில் வெளிப்படுத்தி இடம் மாறிப்போனது பழைய பாடம். எபிசோம் வேண்டுமென்றால் எம்எஸ்பி2 புரொமோட்டர். கூடவே ஒமேகாவையும் ஒமேகா+2-ஐயும் பெரிய அமினோ அமிலமாக மாற்றிய இரண்டாவது கட்டமைப்பு ஒன்றும் செய்யுங்கள். சரியானது விளிம்பிலும், மாற்றியது வளையத்திலும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சபோனின் படியையும் கவனியுங்கள். 0.15% சபோனின் வாக்குவோல் சவ்வைத் துளைக்கும். நங்கூரமில்லாமல் சுரந்த புரதம் மேல்தெளிவில் போய்விடும். படிவை மட்டும் ஏற்றினால் மாற்றிய கட்டமைப்பு "வெளிப்படவே இல்லை" என்று தோன்றும். இரண்டையும் ஏற்றுங்கள்.

வரகு:
ஈஸ்டில் இதே புரதத்தைச் செய்து ஆன்டிபாடி எடுக்கும் எண்ணம் இருந்தால்: ஒட்டுண்ணியின் என்-கிளைக்கன் ஒன்றிரண்டு என்-அசிட்டைல்குளுக்கோசமீனோடு முடிகிறது. ஈஸ்ட் அதே இடங்களில் நீளமான மானோஸ் மரத்தை ஏற்றிவிடும். அஸ்பராஜின்–எக்ஸ்–சீரின்/திரியோனின் தளங்களை மாற்றிவிட்டுச் செய்யுங்கள். ஒமேகாவிலிருந்து தொடங்கும் வாலையும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் புரதம் ஈஸ்டின் சவ்வில் போய் ஊன்றும். ஆர்டிஎஸ்,எஸ் மலேரியா தடுப்பூசியில் உள்ள சிஎஸ்பி (ஸ்போரோசோயிட் மேற்பரப்புப் புரதம்) பகுதியிலும் அந்த வால் இல்லை.

நுண்ணோக்கி:
கடைசியாக ஒன்று, பிரித்தெடுத்த ஜிபிஐயை மேக்ரோஃபேஜில் போட்டு டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) அளக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால். ஃபால்சிபாரம் ஜிபிஐயை மேக்ரோஃபேஜின் டிஎல்ஆர்2 எனும் உணரி அறியும். மைக்கோபிளாஸ்மாவின் லிப்போபுரதத்தையும் அதே டிஎல்ஆர்2 அறியும், அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா இருந்தால் வரும் டிஎன்எஃப் யாருடையது என்று சொல்ல முடியாது. பிரிப்பதற்கு முன் அதே வாரம் பிசிஆர் செய்யுங்கள். தொற்றில்லாத சிவப்பணுவையும் அதே வளர்ப்பு ஊடகத்தில், அதே கரைப்பான்களில் கொண்டுபோய் வெற்றுக் கட்டுப்பாடாக வையுங்கள். மாதிரியின் ஒரு பங்குக்கு நைட்ரஸ் அமிலம் போட்டுப் பார்த்தால் டிஎன்எஃப் விழ வேண்டும். விழாவிட்டால் அது ஜிபிஐ இல்லை.